பொன்னி கார்டன் முதல் வீதி மேம்பட்ட வரலாறு

நாகரிகம் ஆற்றங்கரையில் பிறந்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அது ஆற்றில் தண்ணீர் ஓடிய காலத்துக் கதை. திருப்பூர் நொய்யலில், சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில், தண்ணீரைத் தவிர மற்ற எல்லா நிறங்களும் ஓட ஆரம்பித்த பிறகு, நாகரிகம் மூக்கைப் பொத்திக்கொண்டு வடக்கே கிளம்பியது. நெருப்பெரிச்சல் என்ற ஊரைத் தாண்டி மூச்சு வாங்க நின்ற இடத்தில் ஒரு வளைவு தெரிந்தது. வளைவில் 'பொன்னி கார்டன்' என்று பொன் எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நாகரிகம் அங்கேயே குடியேறிவிட்டது.

அதற்குக் கதவு போட்டுக் கொடுத்த பெருமை குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் மருதாசலத்தைச் சேரும்.

மருதாசலம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி முதலாளி. நல்ல மனிதர். கம்பெனியில் யாருக்காவது கல்யாணம் என்றால் மொய் வைப்பார், இழவு என்றால் மாலையோடு போய் நிற்பார். இரண்டுக்கும் நடுவில் வருகிற வாழ்க்கையைப் பற்றி அவர் அவ்வளவாக யோசித்ததில்லை. முட்டி வலியும் சர்க்கரையும் இருந்ததால் டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். டாக்டர் சொல் தட்டாதவர் மருதாசலம். விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போவார். மூன்று சுற்று நடப்பார். அந்த உழைப்புக்கு ஈடாகப் பேக்கரியில் ஊத்துக்குளி வெண்ணெய் தடவிய பன் இரண்டு, டீ ஒன்று. பிறகு காரிலேயே வீடு.

"ஏனுங்க, நடக்கறதுக்குக் கார்ல போகோணுமா? நம்மூட்டு முன்னாடியே வீதி கெடக்குதல்லொ?" என்று அவர் மனைவி தெய்வாத்தாள் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அதுல எப்படி நடக்கறது? ஆளுங்க நடக்கறாங்க" என்றார் மருதாசலம்.

விஷயம் அதுதான். பொன்னி கார்டனில் இருப்பது ஒரே ஒரு வீதி. பெயர் முதல் வீதி. இரண்டாவது என்று ஒன்று கிடையாது என்றாலும் முதலாவதாக இருப்பதில் ஒரு கௌரவம். வீதியின் ஒரு முனையில் வளைவு. வளைவுக்கு வெளியே வரிசையாகப் பனியன் கம்பெனிகள், மருதாசலத்தின் கம்பெனி உட்பட. மறுமுனையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகள். சங்கரன்கோவில், தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்த ஜனம் அங்கே இருந்தது. காலையில் ஒருதரம், பொழுது சாய்ந்து ஒருதரம் அந்த ஜனம் தூக்குவாளியும் டிபன் பையுமாக முதல் வீதியில் நடந்தும் சைக்கிள் மிதித்தும் கம்பெனிக்குப் போய்த் திரும்பும். மற்றபடி அது ரொம்ப அமைதியான வீதி. கார்டன் என்று பெயரிலேயே இருந்ததால் மரம் வைக்கவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. எனவே பறவைகளும் சத்தம் போடுவதில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் எதிர்ப்பக்கத்து சொர்ணமாலை கார்டன்காரர்கள் 'சிறந்த குப்பை பிரிக்கும் குடியிருப்பு' என்று ஒரு கேடயம் வாங்கி வளைவிலேயே மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மருதாசலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்தவன் குப்பைக்குக் கிடைத்த மரியாதை நம் வீதிக்குக் கிடைக்கவில்லையே என்று மனம் புழுங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் சங்கச் செயலாளர் நித்தீஷ் ஒரு செய்தியோடு வந்தான். இருபத்தொன்பது வயது. வீட்டிலிருந்தபடி பெங்களூரில் வேலை பார்ப்பவன். நல்வீதி அறக்கட்டளை என்று ஒன்று, 'குடியிருப்போர், சைக்கிள் ஓட்டிகள், பாதசாரிகள் ஆகியோருக்காக மேம்படுத்தப்பட்ட புறநகர் வீதி'க்கு விருது தருகிறதாம்.

"குப்பைக்குத் தர்ற கேடயத்தை விடப் பெருசுங்களா தம்பி?" என்றார் மருதாசலம்.

"இது நேஷனல் லெவல் சார்."

அன்று இரவு மருதாசலம் வயிறாரச் சாப்பிட்டார்.

சங்கக் கூட்டம் அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. கார்கள் இரண்டும் வெளியே வீதியில் நிற்க, மேம்பாட்டுப் பேச்சு உள்ளே தொடங்கியது. விருதின் விதிப்படி மூன்று தரப்பையும் கலந்தாலோசிக்க வேண்டும். குடியிருப்போர் வந்திருந்தார்கள். சைக்கிள் ஓட்டிக்கு எங்கே போவது?

"அதுக்கென்ன, நானே இருக்கேன்" என்றான் நித்தீஷ். அவனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. ஹால் சுவரில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் மாட்டியிருந்தது. இரண்டையும் வாரம் ஒருமுறை துடைப்பார்கள்.

சங்கத்தின் பொருளாளர் ராஜா முகமது. காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம். எதையும் மெதுவாகவே கேட்பார்.

"அப்ப தினமும் காலையில நம்ம வீதி வழியா நூத்துக்கணக்குல சைக்கிள் போகுதே, அவங்க?"

"அவங்க சைக்கிள்ல போறவங்க பாய். சைக்கிளிஸ்ட் இல்ல."

"ரெண்டும் வேறயா?"

"சைக்கிளிஸ்ட்னா ஹெல்மெட் இருக்கணும். கிளம்பின எடத்துக்கே திரும்பி வரணும். நடுவுல எங்கயும் போய்ச் சேரக்கூடாது. போய்ச் சேர்ந்துட்டா அது போக்குவரத்து ஆயிடும்."

கூட்டம் பிரமித்தது. இவ்வளவு நாளும் இந்த வித்தியாசம் தெரியாமலேயே சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று சிலர் வருத்தப்பட்டார்கள்.

"அதே மாதிரிதானுங்க பாதசாரியும்" என்று மருதாசலம் எடுத்துக் கொடுத்தார். "கையில தண்ணி பாட்டில் இருந்தா பாதசாரி. தூக்குவாளி இருந்தா ஆளு."

ராஜா முகமது தாடியைத் தடவிக்கொண்டார். "எங்க கடையிலயும் பழுதான சரக்கை செகண்ட்ஸ்னு தனியா பிரிச்சுத்தான் வைப்போம், தலைவரே. ஆனா அதுவும் பனியன்தான்னு ஒத்துக்குவோம்."

இது நகைச்சுவை என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாதசாரிகளின் பாதுகாப்பை முன்னிட்டு வீதியில் 'அந்நிய நடமாட்டம்' கட்டுப்படுத்தப்படும். வீதி பொதுமக்களுக்குச் சொந்தம் என்ற சிறு சிக்கல் ஒன்று இருந்தது. "நாமளும் பொதுமக்கள்தானுங்களே" என்று மருதாசலம் கேட்டதும் அதுவும் தீர்ந்தது.

வேலை தொடங்கியது. வீதியின் ஓரம் முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்து சைக்கிள் பாதை போட்டார்கள். பெயின்ட் காய்வதற்குள் அதன் அகலம் சரியாக ஒரு காரின் அகலம் என்று குடியிருப்போர் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே வரிசையாகக் கார்கள் ஏறி நின்றன. பச்சைக்கு மேலே வெள்ளைக் கார்கள். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி.

அடுத்து டைல்ஸ் பதித்த நடைபாதை. அது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காகத் தாழ்ந்தது. அடுத்த வீட்டு எல்லை வந்ததும் கௌரவத்துக்காக உயர்ந்தது. நடுநடுவே ஆளுயரச் சிமென்ட் தொட்டிகளில் செடிகள். ஓய்வெடுக்க ஒரு பெஞ்சும் உண்டு. அது டிரான்ஸ்பார்மரைப் பார்த்தபடி அமைந்தது.

தெய்வாத்தாள் வாசலில் நின்று நடைபாதையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். "இதுல நடக்கோணும்னா ஏணி வேணுமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லைன் வீட்டுப் பக்கம் இரும்புக் கதவு வந்தது. பக்கத்திலேயே பலகை: 'பாதசாரிகளுக்கே முன்னுரிமை'. கீழே சிவப்பில்: 'அந்நியர் பிரவேசிக்கக் கூடாது'. கதவுக்கு வாட்ச்மேன் சந்தனத்தைப் போட்டார்கள். உசிலம்பட்டிக்காரர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார், சொன்னது புரிந்தால்.

"இத பாருங்க சந்தனம், நடக்கறவங்களை விடோணும். நடந்து போறவங்களை விடக்கூடாது" என்று மருதாசலம் விளக்கினார்.

சந்தனத்துக்கு ஒரு சந்தேகம். "ரெண்டு பேரும் காலாலதானய்யா நடப்பாய்ங்க. எப்புடிக் கண்டுபிடிக்கிறது?"

"எங்க போறீங்கன்னு கேளுங்க. இன்ன எடத்துக்குப் போறேன்னு சொன்னா விடாதீங்க. சும்மா நடக்கறேன்னு சொன்னா, அவங்க பாதசாரி. விடுங்க."

மறுநாள் காலை லைன் வீட்டு ஜனம் கதவண்டை வந்து நின்றது. முன்னால் நின்றவள் வேல்விழி. மருதாசலத்தின் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவள், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. வாய் நூல் அறுப்பதற்கு மட்டுமல்ல என்று கம்பெனியில் பெயர் எடுத்தவள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் ஜெயபாண்டி, சைக்கிளோடு.

"எங்க போறீங்க?" என்றார் சந்தனம்.

"கம்பெனிக்கு."

"அப்பன்னா விடக்கூடாது. சும்மா நடக்கிறவய்ங்கள மட்டுந்தேன் விடச் சொல்லியிருக்காரு."

வேல்விழி டிபன் பையைத் தோளில் சரி செய்துகொண்டாள். "சரிண்ணே. நான் சும்மாதான் நடக்கேன்."

"பின்னாடி நிக்கிறவரு?"

"அவரு எப்பவுமே சும்மாதான்."

"அதுக்குப் பின்னாடி?"

"அம்புட்டுப் பேரும் சும்மாதாண்ணே."

சந்தனம் கதவைத் திறந்தார். விதி விதிதான். அன்று நூற்றுக்கணக்கான பேர் சும்மா நடந்தார்கள். சும்மா நடந்து, தற்செயலாகக் கம்பெனி வாசலில் போய்ச் சேர்ந்து, சும்மா உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தார்கள். தன் கம்பெனியில் எல்லாரும் நேரத்துக்கு வந்திருப்பதைப் பார்த்து மருதாசலம் முதலில் மகிழ்ந்தார். பிறகு எந்த வழியாக வந்தார்கள் என்று யோசித்து, முகம் சுருங்கினார். ஒரே நேரத்தில் ஒரே ஆட்களைப் பார்த்து முதலாளியாகச் சந்தோஷப்படுவதும் தலைவராகக் கோபப்படுவதும் எவ்வளவு சிரமம் என்பது வீதியை மேம்படுத்தியவர்களுக்கே தெரியும்.

அன்றே நித்தீஷ் கதவுக்கு நம்பர் பூட்டு போட்டான். நம்பர் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும்.

லைன் வீட்டு ஜனம் சுற்றிக்கொண்டு மெயின் ரோடு வழியாகப் போக ஆரம்பித்தது. அந்த ரோட்டில் சரக்கு லாரிகள் போகும், கம்பெனி பஸ்கள் போகும், சாயப்பட்டறைக்குப் போகும் தண்ணி லாரிகள் போகும். ஆள் போவதற்கு மட்டும் இடம் கிடையாது. ஓரத்தில் மூடாத சாக்கடை. முன்பெல்லாம் ஐந்து நிமிஷத்தில் வந்தவர்கள் இப்போது அரை மணி நேரம் கழித்து வியர்த்து வழிந்து வந்தார்கள். லேட்டாக வருவதைக் கம்பெனி பொறுக்காது. சூப்பர்வைசர் நோட்டீஸ் ஒட்டினார். ஒட்டச் சொன்னவர் மருதாசலம்.

பொன்னி கார்டனில் அமைதி பெருகியது. மணி அடிக்கிற சைக்கிள் சத்தம் இல்லை, பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. இருந்தாலும் மருதாசலம் மைதானத்துக்குக் காரில்தான் போனார். வீதி அவ்வளவு அழகாக இருந்தது. அதில் கால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை வேல்விழி வேலைக்கு வரவில்லை. ஜெயபாண்டியின் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார்.

ஏற்கெனவே சொன்னபடி மருதாசலம் நல்ல மனிதர். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு உடனே போனார். ஜெயபாண்டியின் வலது கால் மாவுக்கட்டில் இருந்தது. முதலாளியைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படுங்க, படுங்க. எப்படியாச்சுங்க?"

"தண்ணி லாரிங்க மொதலாளி. இடிக்கல்லாம் செய்யல. ஆரன் அடிச்சான், ஒதுங்கணும்லா? ஒதுங்க எடமில்ல. ஒதுங்கிட்டேன். சாக்கடைக்குள்ள சைக்கிளோட போயிட்டேன்."

"இந்தத் தண்ணி லாரிக்காரனுகளே இப்படித்தான். ஒருத்தனையும் விடக்கூடாது. எந்தப் பட்டறை லாரி, பார்த்தீங்களா?"

பதில் வேல்விழியிடமிருந்து வந்தது.

"பட்டறை லாரி இல்ல மொதலாளி. உங்க கார்டனுக்குப் போற லாரிதான். தொட்டியில செடி வச்சிருக்கியளே, அதுக்குத் தண்ணி."

மருதாசலத்துக்கு வலது முட்டியில் சுருக்கென்று ஒரு வலி. இத்தனை வருஷத்தில் இப்படி வலித்ததில்லை. மனசாட்சி முட்டி வரைக்கும் இறங்கி வரும் என்று எந்த டாக்டரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆப்பிள் பையை ஸ்டூலில் வைத்தார். செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். வேல்விழி தலையாட்டினாள். அழவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஒரு சரித்திரச் சம்பவம் நடந்தது. மருதாசலம் முதல் வீதியில் நடந்தார்.

கதவைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. நடைபாதையில் ஏறினார், இறங்கினார், ஏறினார். மூன்றாவது வீட்டுத் தொட்டியில் இடித்துக்கொண்டார். சைக்கிள் பாதையில் நடக்கலாம் என்றால் கார்கள். கடைசியில் நடுரோட்டிலேயே நடந்து, மூச்சிரைக்கக் கதவண்டை போய்ச் சேர்ந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த வேல்விழி அவரைப் பார்த்துவிட்டு நின்றாள். அவளோடு வந்தவர்களும் நின்றார்கள்.

"திறந்து விடறேனுங்க. இருங்க" என்று சொல்லிவிட்டுப் பூட்டைப் பிடித்தார். நம்பர் தெரியவில்லை. "சந்தனம், நம்பர் என்ன?"

"போன வாரம் மாத்திட்டாய்ங்கய்யா. பாதுகாப்புக்காக வாட்ஸ்அப்புலகூடப் போடலையாம், எங்கிட்டயும் சொல்லல."

"நான் தலைவருங்க!"

"அது எனக்குத் தெரியும்யா. பூட்டுக்குத் தெரியணுமே."

மருதாசலம் போனை எடுத்தார். நித்தீஷ் தூக்கக் குரலில் பேசினான்.

"சார், ப்ளீஸ். இன்னும் பத்தே நாள்ல இன்ஸ்பெக்ஷன். இப்பத் திறந்தா மொத்த ப்ராஜெக்ட்டும் போயிரும். விருது வந்ததும் நானே திறந்து விடறேன், பிராமிஸ்."

"இல்ல தம்பி, ஒரு ஆளு கால்..."

"சார், சொர்ணமாலைக்காரங்களும் அப்ளை பண்ணியிருக்காங்க."

கம்பிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். நித்தீஷ் எப்போதோ வைத்துவிட்டிருந்தான். இருந்தாலும் காதிலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் அவர்களிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"நேரமாச்சு மொதலாளி, போறோம்" என்றாள் வேல்விழி. "இனியும் நின்னா லேட்டுன்னு எழுதிருவாவ. நீங்க வேற இங்க நிக்கிய. அங்க சொல்லிக்கிட ஆளில்ல."

அவர்கள் போனார்கள். திரும்பி நடக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. மருதாசலம் டிரைவரைக் கூப்பிட்டுக் காரைக் கதவுக்கே வரச் சொன்னார்.

ஆய்வு நாள் நெருங்கியது. அப்போதுதான் நித்தீஷுக்கு ஒன்று உறைத்தது. விதிகளில் ஐந்தாவது: 'சைக்கிள் ஓட்டிகளும் பாதசாரிகளும் வீதியைப் பெருமளவில் பயன்படுத்துவதை நடுவர் நேரில் காண வேண்டும்.' அவசரக் கூட்டம் கூடியது.

"குடியிருப்போரே நடக்கலாமுங்களே" என்றார் ஒருவர். எல்லாரும் தலை குனிந்தார்கள். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குப் பித்தவெடிப்பு, இன்னொருவருக்கு அன்றைக்கு அமாவாசை.

"சைக்கிளுக்கு நான் இருக்கேன்" என்றான் நித்தீஷ், கொஞ்சம் பலவீனமாக. சுவரிலிருந்து இறக்கியபோது சக்கரம் சுற்றவில்லை என்பதை அவன் சொல்லவில்லை.

ராஜா முகமது தொண்டையைச் செருமினார். "சரக்கு கைவசம் இல்லேன்னா வெளியிலதான் வாங்கோணும், தலைவரே. நடக்கத் தெரிஞ்ச ஆளுங்க உங்க கம்பெனியிலயே நெறையா இருக்காங்க. ரொம்ப நாளாப் பழகினவங்க."

அப்படியே ஆயிற்று. ஆய்வு நாளன்று மருதாசலத்தின் கம்பெனியில் ஒரு ஷிப்ட் நின்றது. தொழிலாளிகளைக் கம்பெனி வேன்களில் ஏற்றி, மெயின் ரோடு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, இரும்புக் கதவைத் திறந்து, முதல் வீதியில் இறக்கினார்கள். ஆளுக்கொரு வெள்ளைத் தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில். தூக்குவாளிகள் வேனிலேயே இருந்தன. பச்சைப் பாதையிலிருந்து கார்கள் அகன்றன. லைன் வீட்டிலிருந்து சைக்கிள்கள் வரவழைக்கப்பட்டன.

"எங்க போகணும்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"எங்கயும் போகக்கூடாதுங்க. சும்மா அங்கயும் இங்கயும் போய்ட்டு வாங்க" என்றார் மருதாசலம்.

வேல்விழி பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். "நடக்கறதுக்கு ஓ.டி. சம்பளம் உண்டுமா மொதலாளி?"

"உண்டுங்க."

"அப்போ மெதுவாவே நடக்கோம்."

நடுவர் வந்து இறங்கினாள். பெயர் பிரியங்கா, சென்னையிலிருந்து வந்தவள். கையில் டேப்லெட். கண்ணெதிரே இருநூறு பேர் நடக்கிறார்கள், நாற்பது சைக்கிள்கள் போய் வருகின்றன. அவள் கண்கள் விரிந்தன. "அமேஸிங்! ஒரு சின்ன ஊர்ல இவ்வளவு விழிப்புணர்வா?" என்றாள். மருதாசலம் அடக்கத்தோடு நிலத்தைப் பார்த்தார்.

"பயனாளி யாரிடமாவது பேசலாமா?"

நித்தீஷ் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் அவள் வேல்விழியை நிறுத்திவிட்டாள். இவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று மருதாசலம் பயந்தார். சொல்லிவிட்டால் தேவலை என்றும் எங்கேயோ ஓர் ஓரத்தில் நினைத்தார்.

"இந்த வீதி மேம்பாட்டுக்கு அப்புறம் உங்க வாழ்க்கையில என்ன மாற்றம் அக்கா?"

"மாற்றம்னா... முன்ன கம்பெனிக்கு அஞ்சு நிமிசம்தான் நடப்போம். இப்போ அரை மணி நேரம் நடக்கோம்."

"வாவ்!" பிரியங்கா டேப்லெட்டில் தட்டினாள். "நடை நேரம் ஆறு மடங்கு அதிகரிப்பு. உடம்பு எப்படி இருக்கு?"

"பத்து கிலோ எறங்கியிருக்கும்."

"சூப்பர். வீட்ல யாராவது சைக்கிள் ஓட்டறாங்களா?"

"எங்க வீட்டுக்காரரு ஓட்டினாரு. இப்ப கால் ஒடிஞ்சி கெடக்காரு. தண்ணி லாரிக்கு ஒதுங்கப் போயி சாக்கடையில விழுந்துட்டாரு."

பிரியங்காவின் விரல் நின்றது.

"அடடா. இந்த வீதியிலயா?"

"இதுல எங்க மேடம்? எங்களத்தான் இதுல விடமாட்டாங்களே. மெயின் ரோட்டுல."

"ஓ, மெயின் ரோட்டுலயா." பிரியங்காவின் முகம் தெளிந்தது. 'வீதியில் விபத்துகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று தட்டினாள். "அப்ப பிரச்சினை இல்ல. அது வேற ரோடு. உங்களுக்கு ரொம்ப நன்றிக்கா. அவரைப் பத்திரமாப் பார்த்துக்கோங்க."

வேல்விழி மருதாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வேனைப் பார்த்து நடந்தாள்.

விருது கிடைத்தது. கிடைக்காமல் என்ன செய்யும்? தகவல் வந்த அன்றே மருதாசலம் நித்தீஷைக் கூப்பிட்டார்.

"தம்பி, சொன்ன மாதிரி கதவைத் திறந்துடுங்க."

நித்தீஷ் சங்கடமாக நெளிந்தான். "சார், விருது மூணு வருஷம் செல்லும். அதுவரைக்கும் வீதியோட தன்மையை மாத்தக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன் இருக்கு. ஆளுங்களை விட்டா தன்மை மாறிடும்."

"ஆனா அவங்கள நடக்க விட்டுத்தானே தம்பி விருதே வாங்கினோம்?"

"அது டெமோ சார்."

விழா கோயம்புத்தூரில், குளிரூட்டிய ஓர் அரங்கத்தில் நடந்தது. மேடையில் சால்வை, பூங்கொத்து, ஆளுயரக் கேடயம். குறைந்த மாசு, நிறைந்த பசுமை, பாதசாரிகளின் பெருக்கம் என்று பாராட்டுரை நீண்டது. கடைசி வரியை அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "எல்லாவற்றுக்கும் மேலாக, ஓராண்டாக ஒரு விபத்துகூட நடக்காத வீதி!" அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரிசையில் பட்டுப்புடவையில் இருந்த தெய்வாத்தாள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கும் முட்டி வலியோ என்னவோ.

மருதாசலம் கேடயத்தை வாங்கினார். கனமாக இருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய நன்றியுரை சட்டைப்பையில் இருந்தது. எடுப்பதற்குள் கீழேயிருந்து ஒரு பத்திரிகைக்காரர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"வாழ்த்துகள் சார். எல்லா ஊர்லயும் ரோட்டு விபத்து கூடிக்கிட்டே போகுது. நீங்க மட்டும் எப்படி சார் அதை ஒழிச்சீங்க? அந்த ரகசியத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

மருதாசலம் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. பிறகு, திருப்பூர்க்காரர் என்பதாலோ என்னவோ, உண்மை அவருக்குத் தெரிந்த பாஷையில் வந்து விழுந்தது.

"ஒழிக்கலீங்க. எக்ஸ்போர்ட் பண்ணிட்டோம்."

அரங்கம் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. நித்தீஷ் விசில் அடித்தான். மறுநாள் பத்திரிகையில் 'திருப்பூர் தலைவரின் நகைச்சுவை' என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். சரக்கு யார் தலையில் போய் இறங்கியது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.